முடிவு தெரிந்த கதையை எப்படி வாசிப்பது?

"முடிவு தெரிஞ்சிட்டா கதையில என்ன இருக்கு?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. வரலாற்றுப் புனைகதையில் முடிவு தெரிந்திருப்பதுதான் சுவையே. ரஷ்யாவின் கடைசி அரச குடும்பத்தைப் பாருங்கள். மன்னர் இரண்டாம் நிக்கோலஸ் 1917 மார்ச்சில் அரியணையைத் துறந்தார். 1918 ஜூலை 17 அதிகாலையில் எக்கத்தரின்பர்க் நகரில் அவரும் மனைவியும் ஐந்து பிள்ளைகளும் கொல்லப்பட்டனர். கடைசி மகள் அனஸ்தாசியாவுக்கு வயது 17.

கரோலின் மேயர் இளையோருக்காக எழுதிய நாவல், அனஸ்தாசியாவின் நாட்குறிப்பாகவே அமைந்தது. நாட்குறிப்பு எழுதும் பெண்ணுக்கு நாளை நடக்கப்போவது தெரியாது. வாசிக்கிற நமக்குத் தெரியும். அந்த இடைவெளிதான் நம் மனத்தைக் கனக்கச் செய்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. தொபோல்ஸ்க் நகரில் காவலில் இருந்த குளிர்காலத்தில், குடும்பத்தார் பனியைக் குவித்து ஒரு மேடு கட்டினார்கள். பிள்ளைகள் அதில் சறுக்கி விளையாடினார்கள். பிறகு காவலர்கள் அதை இடித்துவிட்டார்கள். இது உண்மையில் நடந்தது. அன்றைய நாட்குறிப்பை நீங்கள் எழுதினால், "நாங்கள் சாகப்போகிறோம்" என்று எழுதாதீர்கள். "இனிமே சாயங்காலம் என்ன செய்யிறது?" என்ற ஒரு வரி போதும்.

தேர்வில் இத்தகைய கதையைப் பற்றி எழுதும்போது மூன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, பதிவான உண்மை: ஆண்டு, இடம், இறப்பு.

இரண்டாவது, ஆசிரியரின் கற்பனை: உரையாடல், மன ஓட்டம். உண்மைகளுக்கு இடையில் கற்பனை வரலாம். உண்மைக்கு எதிராக வரக்கூடாது.

மூன்றாவது, வதந்தி. அனஸ்தாசியா தப்பிவிட்டாள் என்ற பேச்சு பல ஆண்டுகள் உலவியது. 'நான்தான் அவள்' என்று சொன்ன அன்னா ஆண்டர்சனின் கோரிக்கையை 1994-இல் மரபணுச் சோதனை பொய்யாக்கியது. காணாமல் இருந்த இரு பிள்ளைகளின் எச்சங்கள் 2007-இல் கிடைத்தன. ஒருவரும் தப்பவில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். பிள்ளைகள் மீது இரக்கம் வருவது இயல்பு. ஆனால் வகுப்பு அதோடு முடிந்துவிட்டால் பாதி வரலாறுதான் சொல்லியிருப்போம். 1905-இல் மனு கொடுக்க ஊர்வலமாக வந்த தொழிலாளர்கள் மீது படைவீரர்கள் சுட்டார்கள். பிறகு உலகப்போர், உணவுத் தட்டுப்பாடு. அரண்மனைக்குள் இருக்கும் சிறுமிக்கு இது எப்படித் தெரியும்? போர்க்காலத்தில் அனஸ்தாசியாவும் அக்காள் மரியாவும் மருத்துவமனையில் காயம்பட்ட வீரர்களைப் பார்த்துப் பேசினார்கள். அப்படி ஒரு வீரர் தன் வீட்டுப் பசியைச் சொல்வதாக ஒரு காட்சி எழுதச் சொல்லுங்கள். சந்திப்பு உண்மை, பேச்சு கற்பனை.

எழுதி முடித்ததும் உண்மைக்கு ஒரு நிறத்திலும் கற்பனைக்கு வேறு நிறத்திலும் கோடிடச் சொல்லுங்கள். பிள்ளைகள் குற்றமற்றவர்கள் என்பதும், அவர்களுடைய தந்தையின் ஆட்சியில் மக்கள் வாடினார்கள் என்பதும் இரண்டுமே உண்மை. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதத் தெரிந்த மாணவர், கதையையும் வரலாற்றையும் சேர்த்தே புரிந்துகொண்டவர்.