தில்லி வெயிலில் பருப்புக்கீரை

ஊரிலிருந்த காலத்தில் பருப்புக்கீரையை நம்மில் பெரும்பாலோர் விதைத்து வளர்த்ததில்லை. வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் அது தானே படர்ந்து கிடக்கும். தில்லிக்குக் குடிவந்த பின்னரே அதன் அருமை விளங்குகிறது. வைகாசி மாதத்தில் ‘லூ’ என்னும் அனற்காற்று வீச, வெப்பம் 45 பாகையை எட்டும்போது, பாலக்கும் வெந்தயக்கீரையும் மாடித்தோட்டத்தை விட்டு மறைந்து வெகுநாளாகியிருக்கும். பருப்புக்கீரையோ அப்போதுதான் தழைக்கிறது. சந்தையில் இதன் பெயர் ‘குல்ஃபா’. இப்பெயரை அறியாமல் வெறுங்கையோடு திரும்பியவர் நம்மிடையே பலர் உண்டு.

இக்கீரை வெயிலைத் தாங்குவது எவ்வாறு? தடித்த தண்டிலும் இலையிலும் நீரைச் சேர்த்து வைப்பது ஒரு காரணம். மற்றொன்று வியப்புக்குரியது. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உட்கொள்கின்றன. அவ்வேளையில் ஈரமும் வெளியேறிவிடுகிறது. பருப்புக்கீரை, மண் வறண்டதும், இரவில் துளைகளைத் திறந்து அவ்வாயுவை மாலிக் அமிலமாகச் சேமித்து, பகலில் உணவாக்கிக் கொள்கிறது. கரும்புக்கும் சோளத்துக்கும் உரிய விரைந்த முறையும் இதனிடம் உண்டு. இவ்விரு முறைகளும் ஒரே உயிரணுவினுள் இணைந்து நடைபெறுகின்றன என்று 2022ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்தனர். இச்செய்தி அடுக்களைக்கும் பயன்படும். நீர் குறைவாகப் பெற்ற செடியை விடியலில் பறித்தால் புளிப்பு மிகும். பிற்பகலில் பறித்தால் குறையும். புளி சேர்க்காமல் மசிப்பவர்கள் காலையிலும், பாசிப்பருப்போடு கடைபவர்கள் மாலையிலும் பறிக்கலாம்.

வளர்ப்பதற்கு விதை தேடி அலைய வேண்டுவதில்லை. சந்தையில் வாங்கிய கட்டிலிருந்து தடித்த தண்டுகள் நாலைந்தைத் தேர்ந்து, நான்கு விரற்கடை நீளத்துக்கு நறுக்கி, அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, ஒரு நாள் நிழலில் உலர விடுக. வெட்டுவாய் உலர்ந்த பின் மணலும் மண்ணும் சரிபாதி கலந்த தொட்டியில் ஊன்றுக. ஆழமான தொட்டி வேண்டா. வாயகன்றதே படர்வதற்கு ஏற்றது. ஏறக்குறைய ஒரு வாரத்தில் வேர் பிடிக்கும். மேல்மண் காய்ந்த பிறகே நீர் வார்க்க வேண்டும். வெயிலைக் கண்டு மனமிரங்கி நாள்தோறும் இருவேளை நீரூற்றி, முதலாண்டில் நாங்கள் தொட்டி முழுவதையும் அழுகவிட்டோம்!

சாலையோரத்தில் தானே முளைத்ததைப் பறித்து உண்ணலாகாது. அங்கே வாகனப் புகையின் படிவு உண்டு. அன்றி, அம்மான் பச்சரிசி இனத்துப் படர்செடிகளும் இதனோடு கலந்து வளரும். ஐயமெழுந்தால் தண்டை முறித்துப் பார்க்கவும். பருப்புக்கீரையில் தெளிந்த நீரே கசியும். வெண்பால் வடிந்தால் அது வேறு செடி, எறிந்துவிடுக. நம் கீரையிலும் ஆக்சாலிக் அமிலம் மிகுதி. சிறுநீரகக் கல்லால் வருந்தியவர்கள் மருத்துவரைக் கேட்டே உண்ணல் வேண்டும்.

இதன் உறவினம் ஒன்று அழகுக்காக வளர்க்கப்படுகிறது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த அந்தப் பூஞ்செடியை நாம் ‘பத்து மணிப்பூ’ என்கிறோம். இங்குள்ளோர் ‘நௌ பஜியா’, அதாவது ஒன்பது மணிப்பூ என்கின்றனர். ஒரு மணி நேர வேற்றுமையைப் பூவிடமே கேட்க வேண்டும்! அதனையும் இவ்வாறே தண்டு ஊன்றி வளர்க்கலாம்.

வெயிலை வென்ற கீரை மார்கழிக் குளிரில் மடிந்துபோகும். ஆதலால் ஐப்பசிக்குள் விதை சேர்த்தல் வேண்டும். முற்றிய காய் சிமிழின் மூடிபோல் கழன்று, கசகசாவினும் சிறிய கரிய விதைகளை உதிர்க்கும். கிளையை ஒரு தாளின்மேல் வளைத்துத் தட்டினால் அவை சேரும். காகிதப் பொட்டலத்தில் வைத்திருந்து, ஹோலி கழிந்து இரவின் குளிர் நீங்கியதும் ஈரமண்ணின் மேல் தூவுக. முளைப்பதற்கு ஒளி வேண்டுமாதலால் மண்ணால் மூடலாகாது; உள்ளங்கையால் மெல்ல அழுத்தினாற் போதும்.