பரவனாற்றுத் தண்ணீரை எங்கே, எப்போது சோதிப்பது?

மேல்பட்டாம்பாக்கம் கெடிலம், தென்பெண்ணை ஆறுகளுக்கு நடுவில் இருக்கும் ஊர். தென்மேற்கே, பண்ருட்டியைத் தாண்டினால், நெய்வேலி. அங்குள்ள பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களின் நீரில் பெரும்பகுதி இவ்வூர்ப் பக்கம் வருவதில்லை. பரவனாற்றில் இறங்கி, வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி வழியாகப் போய், கடலூரை ஒட்டிக் கடலில் கலக்கிறது. ஆனாலும் 2015 நவம்பரில் விசூர், பெரியகாட்டுப்பாளையம் கிராமங்கள் வெள்ளத்தில் சிதைந்தபோது, சுரங்கம் தோண்டிக் குவித்த மண்மேட்டுத் தண்ணீரும் அதற்குக் காரணம் என்றுதான் ஊர்மக்கள் குற்றம் சாட்டினார்கள். 2023 ஜூலையில், இரண்டாம் சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிட வளையமாதேவியில் விளைந்து நின்ற பயிருக்குள் இயந்திரம் இறங்கியதைத் தமிழகமே பார்த்தது. ஆறு போகும் பாதைக்காக இவ்வளவு சண்டை நடந்தது. அதில் ஓடும் தண்ணீரின் தரத்தைப் பற்றிய பேச்சு மட்டும் மிகக் குறைவு.

சுரங்கப் பகுதியிலிருந்து வெளிவருவது ஒரே வகைத் தண்ணீர் அல்ல. நிலக்கரிப் படுகைக்கு அடியில் இருக்கும் ஊற்றுநீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் மேல்நோக்கி முட்டுகிறது. இரவு பகலாக இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பெயர்ந்துவிடும். இந்த நீர் பெரும்பாலும் தெளிவானது. குடிநீர்த் தட்டுப்பாட்டுக் காலங்களில் சென்னைக்கே போயிருக்கிறது. இரண்டாவது, மண்மேட்டின் மேல் விழுந்து வழியும் மழைநீர். அது களிமண்ணைக் கரைத்துக்கொண்டு வருகிறது. மூன்றாவது, அனல்மின் நிலையங்களிலிருந்தும் சாம்பல் குட்டைகளிலிருந்தும் கசிவது. மூன்றும் ஒரே ஓடையில் சேர்ந்தபின் குற்றவாளி எது என்று பிரித்துச் சொல்வது கடினம். சேர்வதற்கு முன்பே தனித்தனியாக அளக்க வேண்டும்.

இவற்றில் மழைநீரைத்தான் பலரும் எளிதாக எடுத்துக்கொள்கிறார்கள். கலங்கல் தண்ணீர்தானே, குட்டையில் நிறுத்தினால் தெளிந்துவிடும் என்ற நினைப்பு. அது முழு உண்மையல்ல. ஒரு கண்ணாடிக் குடுவையில் கலக்கி வைத்துப் பாருங்கள். நுண்மணல் பத்து சென்டிமீட்டர் இறங்கச் சில நொடிகள் போதும். களிமண் துகளுக்கு அதே பத்து சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய எட்டு மணி நேரம் ஆகிறது. ஒரு மீட்டர் ஆழம் என்றால் மூன்று நாளுக்கும் மேல், அதுவும் தண்ணீர் அசையாமல் நின்றால். ஐப்பசி அடைமழையில் எந்தக் குட்டையில் தண்ணீர் மூன்று நாள் அசையாமல் நிற்கும்? ஆகவே குட்டை மட்டும் காப்பாற்றாது. மண்மேட்டில் முதலில் செடி பிடிக்க வேண்டும், அடிவாரத்தில் தடுப்புச் சுவர் வேண்டும், மேட்டைச் சுற்றி வடிகால் வேண்டும், அந்த வடிகால் மழைக்கு முன்பே தூர்வாரப்பட்டிருக்க வேண்டும்.

நிலக்கரிச் சுரங்கங்களுக்கு மத்திய அரசு 2000-இல் வகுத்த விதிப்படி, ஓடையில் விடும் நீரில் மிதக்கும் துகள் லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. சிறிய எண்ணாகத் தெரிகிறது. ஒரு நாளில் ஒரு லட்சம் கன மீட்டர் தண்ணீர் அந்த வரம்புக்கு உட்பட்டே வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் நாளொன்றுக்குப் பத்து டன் வண்டல்! வரம்பை ஒரு நாளும் மீறாமலேயே ஓர் ஏரியைத் தூர்த்துவிட முடியும். வாலாஜா ஏரி வண்டலேறித் தூர்ந்து கிடந்ததும், பிறகு சுரங்கங்களை நடத்தும் என்.எல்.சி. நிறுவனத்தின் செலவில் தூர்வாரப்பட்டதும் இப்பகுதி விவசாயிகளுக்குத் தெரிந்த கதை. எனவே செறிவை மட்டும் எழுதி, எவ்வளவு தண்ணீர் போனது என்று எழுதாத அறிக்கை அரைகுறை அறிக்கைதான்.

பாதரசம் வண்டலிலிருந்து முற்றிலும் வேறு. நிலக்கரியில் அது இயல்பாகவே சிறிதளவு உண்டு. எரிக்கும்போது புகையோடும் சாம்பலோடும் வெளியேறுகிறது. பூவுலகின் நண்பர்கள் அமைப்பும் மந்தன் ஆய்வு மையமும் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை, நெய்வேலிச் சுற்றுவட்டார நீரில் வரம்பை மீறிய பாதரசம் இருப்பதாகச் சொன்னது. பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து வழக்கெடுத்தது. குடிநீரில் அனுமதிக்கப்பட்ட அளவு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம், அதாவது ஒரே ஒரு கிராம் பாதரசம் பத்து லட்சம் லிட்டரை வரம்பின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, வாடை கிடையாது, காய்ச்சினாலும் போகாது. மீன் உடலில் சேர்ந்துகொண்டே போகும். கார அமிலத்தன்மை, துகள், எண்ணெய் என்று வழக்கமாகப் பார்க்கும் சோதனைகள் எதிலும் இது சிக்காது. தேடினால்தான் கிடைக்கும்.

என் கருத்தில் கோளாறு சோதனைக் கருவியில் இல்லை, சோதிக்கும் இடத்திலும் நாளிலும்தான் இருக்கிறது. மார்ச் மாதத்தில், ஆலையின் வெளியேறு குழாயில் மட்டும் எடுத்த மாதிரி யாருக்கும் எதையும் சொல்லாது. ஆற்றில் சுரங்கத்துக்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம், ஏரிக்குள் நுழையும் வாயில், ஆடுமாடு இறங்கும் படித்துறை, ஊர்க் கைப்பம்பு: இவை எல்லாவற்றிலும் ஒரே நாளில் எடுக்க வேண்டும். முக்கியமாக, வடகிழக்குப் பருவமழையின் முதல் பெருமழையன்று எடுக்க வேண்டும். கோடை முழுதும் மேட்டில் சேர்ந்ததெல்லாம் அன்றுதான் இறங்கும்.

இதைக் கேட்க மக்களுக்குச் சட்டத்தில் இடமுண்டு. சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற நிறுவனம், நிபந்தனைகளைப் பின்பற்றிய விவரத்தை ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில் அறிக்கையாகத் தர வேண்டும். அது பொது ஆவணம். 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 49-ஆம் பிரிவுப்படி, 60 நாள் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுத் தனிமனிதரும் நீதிமன்றத்தில் புகார் செய்யலாம்.

அக்டோபர் 2 கிராமசபை, பருவமழைக்குச் சற்று முன்பாகத்தான் வருகிறது. பரவனாற்றுக் கரை ஊராட்சிகள் அன்று ஒரு தீர்மானம் போடட்டும்: முதல் மழையன்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எங்கள் ஊரில் மாதிரி எடுக்க வேண்டும், பாதரசத்தையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும், முடிவைத் தமிழில் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும்.