ஏழு புள்ளிக் கரப்பான்

சென்ற ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை. என் வகுப்புப் பையன் ஒருவன் தீப்பெட்டியொன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். முந்தின நாள் சங்கரன்கோவிலுக்கு மேற்கே புதர்க்காட்டில் ஆடு மேய்க்கப் போனபோது சருகுக்குள் அகப்பட்டதாம். திறந்து பார்த்தேன். வட்டமான கரிய உடல். அதன்மேல் சந்தனப் பொட்டு இட்டாற்போல் புள்ளிகள். "வண்டுதான்" என்று சொல்லிவிட்டேன்.

"ஸார், வண்டுன்னா ரெண்டு பக்கமும் ஒண்ணு போலத்தானே இருக்கும்? இதிலே இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் மூணுல்லா இருக்கு!"

வாத்தியாருக்கு இதைவிடச் சங்கடம் வேறு உண்டோ?

அந்த எண்ணிக்கையில்தான் சூட்சுமம் இருக்கிறது. வண்டின் முன்னிறகுகள் ஓடுபோல் கெட்டியானவை. முதுகின் நடுவே நேர்கோடாகச் சந்திக்கும். கரப்பானின் இறகுகளோ ஒன்றன்மேல் ஒன்று படியும். இந்தப் பூச்சியில் இடது இறகு மேலே கிடக்கிறது. அதில் நான்கு புள்ளிகள். வலது இறகில் வெளியே தெரிபவை மூன்றே. ஆகவே இது வண்டு அன்று, கரப்பான்!

ஏமாந்தவன் நான் ஒருவன் மட்டுமல்ல என்று பிற்பாடு அறிந்து ஆறுதலடைந்தேன். ஜீவராசிகளுக்கு இரட்டைப் பெயர் சூட்டும் முறையை நிலைநாட்டிய ஸ்வீடன் தேசத்துப் பண்டிதர் லின்னேயஸ், 1758-ல் இதை ஆமைவண்டுகளோடு சேர்த்து 'கஸ்ஸிடா பெட்டிவேரியானா' என்று பெயரிட்டார். பின்வந்தோர் கரப்பான் குலத்துக்கு மாற்றினர். இப்போதைய பெயர் 'தேரியா பெட்டிவேரியானா'. (திருநெல்வேலிச் சீமையின் செம்மணல் தேரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) பெட்டிவர் என்பவர் லண்டனில் மருந்துக்கடை நடத்தி, 1718-ல் காலமானவர். சென்னைக் கோட்டையில் வைத்தியராயிருந்த சாமுவேல் பிரௌன் அனுப்பிய செடிகொடிகளையெல்லாம் ஆவலோடு சேகரித்தவர். இந்தியாவைக் கண்ணால் பாராதவரின் பெயர் நம் காட்டுப் பூச்சிக்கு நிலைத்துவிட்டது!

பெயர் விஷயத்தில் கூத்துக்கள் இன்னும் உண்டு. நம் வீடுகளில் ஓடும் 'அமெரிக்கக் கரப்பா'னின் பூர்விகம் ஆப்பிரிக்கா. 'ஜெர்மன் கரப்பா'னோ ஆசியக் கரப்பானிலிருந்து தோன்றியது என்று 2024-ல் வெளியான மரபணு ஆராய்ச்சி கூறுகிறது.

இதன் வேஷத்துக்கும் காரணம் உண்டு. நம் புதர்க்காடுகளில் ஆறு வெண்புள்ளியுள்ள பெரிய கரிய தரைவண்டு ஒன்று வசிக்கிறது. சீண்டினால் எரிச்சலூட்டும் அமிலத்தைப் பீய்ச்சும். அதனிடம் சூடுபட்ட பிராணிகள் அதைப் போலத் தோன்றும் இதையும் தொடாமல் விலகும் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து.

இந்தக் கரப்பான் நம் அடுக்களைக்கு வருவதில்லை. பகலில் சருகின் கீழும் இளமண்ணிலும் புதைந்திருந்து, அந்தியில் வெளிப்படும். தரிசு என்று நாம் ஒதுக்கும் புதர்க்காடுதான் அதற்கு வீடு.

எடுத்த இடத்திலேயே விட்டுவரும்படி பையனிடம் சொன்னேன். மறுநாள் வந்தவன், அந்த இடத்தில் மனை அளந்து கல் நட்டிருப்பதாகவும், ஓடைக்கு அப்பால் விட்டு வந்ததாகவும் சொன்னான்.