ஆங்கில இயக்க வினைகளில் வழி உணர்த்தும் சொற்கள்
ஆங்கிலத்தில் இயக்கத்தைக் குறிக்கும் வினைகளுள் பல, இயங்கும் விதத்தை மட்டுமே சுட்டுகின்றன. இயங்கும் வழியை வினைக்கு வெளியே நிற்கும் சொற்கள் உணர்த்துகின்றன. 'ஷி ரேன் பேக் டவுன் இன்டு தி செல்லர்' என்னும் தொடரில் 'ரேன்' ஓட்டத்தை மட்டும் கூறுகிறது. 'பேக்' மீளுதலையும் 'டவுன்' கீழ்நோக்குதலையும் குறிக்கும் வினையடைகள். 'இன்டு' என்பதோ நிலவறையைக் குறிக்கும் பெயரைத் தழுவி நிற்கும் முன்னுருபு. பெயரைத் தழுவாதவை முன்னும் தழுவுவது பின்னும் வருதல் அம்மொழியின் வழக்கு.

இதே செய்தியைத் தமிழ் வினைகளால் கூறுகிறது: அவள் மீண்டும் கீழே ஓடி, நிலவறைக்குள் நுழைந்தாள். வழி முற்றுவினையில் அமைய, விதம் எச்சமாகிறது. லியோனார்டு டால்மி 2000இல் வெளியிட்ட நூலில் தமிழை இவ்வகை மொழிகளுள் சேர்த்துள்ளார். ஆங்கிலத்திலும் 'என்டர்', 'டிசென்ட்' போன்ற வழிவினைகள் உண்டு. ஆனால் அவை பிரெஞ்சின் வாயிலாக வந்த இலத்தீன் மூலச் சொற்கள்.

'இன்டு' என்பதற்கு நேராக 'உள்' என்பதை வைத்தால் போதும் எனக் கருதும் மொழிபெயர்ப்பு இங்கேதான் இடறுகிறது. 'அறைக்குள் ஓடினாள்' என்பது வெளியிலிருந்து புகுந்ததையும் குறிக்கும்; அறையினுள்ளேயே ஓடியதையும் குறிக்கும். 'ரேன் இன்டு தி ரூம்' என்பதில் இரண்டாம் பொருளுக்கு இடமில்லை. ஆகவே 'அறைக்குள் ஓடிப் புகுந்தாள்' என்றே பெயர்த்தல் வேண்டும். முன்னுருபு ஒன்றுக்கு ஈடாகத் தமிழில் வேற்றுமையுருபும் சொல்லுருபும் மட்டும் போதா. முழு வினையொன்றும் தேவைப்படுகிறது.