மிதந்து வந்த பழமும் இரட்டைக்கிளவியும்

ஆற்றில் துணி துவைக்கும் மூதாட்டியை நோக்கிப் பெரிய பீச் பழமொன்று மிதந்து வருகிறது. அதனுள்ளே ஓர் ஆண் குழந்தை. ஜப்பானியச் சிறுவர் நன்கறிந்த ‘மொமொத்தாரோ’ கதை இது. இதன் படநூல் வடிவங்களுள் புகழ்பெற்ற ஒன்று, மத்சுயி ததாஷி எழுத, அக்காபா சுவேக்கிச்சி ஓவியந்தீட்டி 1965இல் வெளிவந்தது. அக்காபா 1980இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது பெற்றவர்.

மொழியியல் நோக்கில் நம்மை ஈர்ப்பது அப்பழம் மிதக்கும் முறையே. கதைசொல்வோர் அதனை வழக்கமாக ‘டொன்புராக்கோ’ என்னும் சொல்லை இரட்டித்துக் கூறுவர். கனத்த பொருள் அமிழ்ந்தும் எழுந்தும் வருதலை அவ்வொலியே காட்டிவிடும். இத்தகைய சொற்கள் ஜப்பானிய மொழியில் மிகப் பல. ‘கொரோகொரோ’ என்றால் சிறுபொருள் உருண்டோடுதல். அதன் ககரத்தை அதிர்வுடன் ஒலித்தால் பாறை போன்ற பெரும்பொருள் உருளுதல். (நம் எழுத்திலோ இரண்டும் ஒன்றாகவே நிற்கும்!) ‘கொரோரி’ என்றால் ஒரே ஒரு முறை உருளுதல். கதவு ‘படக்’கென்று திறப்பதும் ‘படபட’வென்று அடித்துக்கொள்வதும் வேறு என்பதை நாம் உணர்வதும் இவ்வாறே.

இரட்டைக்கிளவி பிரிந்து ஒலிக்காது எனத் தொல்காப்பியர் அன்றே வரையறுத்தார். அத்தகைய மொழியில் இக்கதையை ஆங்கிலத்தின் வழியாகப் பெயர்த்தால், ‘பழம் மெதுவாக மிதந்து வந்தது’ என்றே முடிந்துவிடும். பழம் வந்து சேரும். அதன் கனமும் நீரின் அசைவும் வாரா. ‘தளக் தளக்கென்று வந்தது’ எனலாமே? பேச்சுவழக்கென்று பெரியோர் சிலர் தயங்கக்கூடும். மடியில் அமர்ந்து கேட்கும் குழந்தைக்கு அத்தயக்கம் இல்லை.