கணக்கு நம் மனதில் மட்டும் இருந்தால் போதுமா?

செவ்வாய்ப்பேட்டை மண்டியானாலும் நாமக்கல் லாரித் தொழிலானாலும், பாக்கி விவரங்களை நம்மில் பலர் மனதிலேயே வைத்திருக்கிறோம். பேரேட்டில் ஏறாத கைமாற்றும் உண்டு. நாம் இல்லாத நாளில், நமக்குத் தர வேண்டியவர் வாய் திறக்கமாட்டார். நாம் தர வேண்டியவர் வாசலில் வந்து நிற்பார். வீட்டார் என்ன செய்வார்கள்?

சட்டமும் காத்திருப்பதில்லை. லாரி உரிமையாளர் காலமானால், வாரிசு 30 நாட்களுக்குள் போக்குவரத்து அதிகாரிக்குத் தெரிவித்தால்தான் அதே பெர்மிட்டில் 3 மாதம் வண்டி ஓட்டலாம். 1932-ம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால், பங்குதாரர் ஒருவர் மறைந்ததுமே நிறுவனம் கலைந்துவிடும். ஆகவே பங்குப் பத்திரத்தை இன்றே எடுத்துப் படித்துப் பாருங்கள்.

"நாமினி போட்டிருக்கிறோமே" என்பார்கள். நாமினி என்பதாலேயே கம்பெனிப் பங்குகள் அவருக்குச் சொந்தமாகிவிடாது என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. எனவே உயில் அவசியம். அதில் இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, செய்வது நல்லது.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுவோம். கிரயப் பத்திரம், பட்டா, கடை வாடகை ஒப்பந்தம், ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், வங்கிக் கணக்குகள், லாக்கர் சாவி எங்கே உள்ளன, வரவேண்டியது எவ்வளவு, தரவேண்டியது எவ்வளவு, ஆடிட்டர் யார் என எல்லாம் அதில் இருக்கட்டும். நோட்டு இருக்குமிடம் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தெரியட்டும்.

ஆண்டுதோறும் புதுக்கணக்கு போடும் நாளில் இதையும் திருத்தி எழுதுவோம்.