சிறு வணிக விளம்பரம்

சிறு வணிக விளம்பரம் என்பது குறைந்த முதலீட்டில், பெரும்பாலும் ஓர் ஊரையோ வட்டாரத்தையோ நம்பி நடைபெறும் கடைகள், பட்டறைகள், சேவை நிலையங்கள் முதலியன தம் பொருளையும் பணியையும் மக்களுக்கு அறிவித்து விற்பனையைப் பெருக்கச் செய்யும் விளம்பரம் ஆகும். துண்டறிக்கை, பெயர்ப்பலகை, சுவர் விளம்பரம், நாளிதழ் வரி விளம்பரம், உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சி, ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ, இணைய விளம்பரம் ஆகியவை இதற்குப் பயன்படும் வழிகளுள் சில.

இவ்வகை விளம்பரம் பெருநிறுவன விளம்பரத்திலிருந்து அளவில் மட்டுமன்றி நோக்கத்திலும் வேறுபடுகின்றது. பெருநிறுவனம் தன் பெயரை மக்கள் நினைவில் நிறுத்துவதற்காகவே ஆண்டுக்கணக்கில் செலவிட இயலும். சிறு வணிகரின் விளம்பரச் செலவோ பெரும்பாலும் சரக்கு வாங்க வைத்திருக்கும் பணத்திலிருந்து எடுக்கப்படுவது. அப்பணம் சில வாரங்களிலோ மாதங்களிலோ விற்பனையாகத் திரும்பாவிடின் கடையில் சரக்கு குறையும்; சரக்கு குறைந்தால் இருக்கும் வாடிக்கையாளரும் விலகுவர். எனவே, எந்த விளம்பரம் வாடிக்கையாளரைக் கொண்டுவந்தது என்பதை எண்ணி அறிவதே இத்துறையின் மையக் கேள்வியாக உள்ளது.

வரலாறு

விளம்பரத்தின் பயனை எண்ணி அறியும் வழக்கம் அஞ்சல்வழி வணிகத்தில் வளர்ந்தது. 1872 இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஆரோன் மான்ட்கோமரி வார்டு ஒற்றைத் தாளில் அச்சிட்ட விலைப்பட்டியலைக் கொண்டு அஞ்சல்வழி விற்பனையைத் தொடங்கினார். இத்தகைய வணிகத்தில் கடையும் இல்லை, விற்பனையாளரும் இல்லை. அச்சிட்ட தாளே விற்பனையாளர். ஆகையால் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் எத்தனை கடிதங்கள் வந்தன என்பதை எளிதாக எண்ண முடிந்தது. ஒவ்வோர் இதழில் வரும் விளம்பரத்திலும் வெவ்வேறு 'பிரிவு எண்' அச்சிடப்பட்டது. கடித உறையின் மேல் வாசகர் எழுதும் அந்த எண்ணிலிருந்து, அவர் எந்த இதழைப் பார்த்து எழுதினார் என்பது தெரிந்துவிடும்.

இவ்வனுபவத்தைக் கோட்பாடாகத் தொகுத்தவர்களுள் முதன்மையானவர் கிளாட் ஹாப்கின்ஸ். 1923 இல் வெளியான இவரது 'அறிவியல் முறை விளம்பரம்' என்னும் நூல், விளம்பரத்தை ஒரு விற்பனையாளரைப் போலவே மதிப்பிட வேண்டும் என்று வாதிட்டது. சம்பளத்துக்கு ஏற்ற விற்பனையைக் கொண்டுவராத பணியாளரை வைத்திருக்காத வணிகர், பயன் தராத விளம்பரத்தை மட்டும் ஏன் தொடர்கிறார் என்பது இவர் வாதத்தின் சாரம். முதலில் சிறிய அளவில் சோதித்துப் பார்த்து, வெற்றி பெற்றதையே விரிவாக்க வேண்டும் என்பது இவரது அடிப்படை விதி. ஜான் கேப்பிள்ஸ் 1932 இல் வெளியிட்ட நூலில் ஒரே பொருளுக்கு வெவ்வேறு தலைப்புகள் இட்டு ஒப்பிடும் முறையை விரிவாக விளக்கினார்.

இந்திய எடுத்துக்காட்டுகள்

அமிர்தாஞ்சன்

காசிநாதுனி நாகேசுவரராவ் 1893 இல் மும்பையில் அமிர்தாஞ்சன் தைலத்தைத் தயாரிக்கத் தொடங்கினார். பெயர் அறியாத மருந்தை மக்கள் விலை கொடுத்து வாங்கத் தயங்கியபோது, இசைக் கச்சேரிகளில் அதனை இலவசமாக வழங்கினார். கச்சேரிக்கு வருபவர்கள் ஓரிடத்தில் நெடுநேரம் அமர்ந்திருப்பவர்கள். தைலத்தைத் தடவியவுடன் அதன் குளிர்ச்சியையும் மணத்தையும் அங்கேயே உணர்வார்கள். சொல்லால் விளக்குவதை விடப் பொருளே தன்னை விளக்கும்படி செய்தது இம்முறையின் சிறப்பு. பின்னர் இந்நிறுவனம் சென்னைக்கு மாறியது.

சிக் ஷாம்பு

சி. கே. ரங்கநாதன் 1983 இல் 15,000 ரூபாய் முதலீட்டில் கடலூரில் சிக் ஷாம்பு நிறுவனத்தைத் தொடங்கினார். இதுவே பின்னாளில் கெவின்கேர் ஆயிற்று. சிறிய உறைகளில் ஷாம்பு விற்கும் முறைக்கு முன்னோடியாக இருந்தவர்களுள் அவர் தந்தை சின்னிகிருஷ்ணனும் ஒருவர். 'சிக்' என்னும் பெயரும் அவர் பெயரிலிருந்து வந்ததே. அக்காலத்தில் கிராமப்புறத்தில் ஷாம்பு பழக்கமே குறைவு. எனவே விற்பனைக் குழுவினர் ஊர் ஊராகச் சென்று, சிறுவர்களின் தலையில் ஷாம்பு போட்டுக் காட்டி, முடியைத் தொட்டும் முகர்ந்தும் பார்க்கச் செய்தனர்.

அடுத்ததாக, எந்த நிறுவனத்தின் காலி உறைகளைக் கொண்டுவந்தாலும் ஒரு சிக் உறை இலவசம் என்று அறிவிக்கப்பட்டது. சில காலம் கழித்து, சிக் காலி உறைகளுக்கு மட்டுமே இச்சலுகை என மாற்றப்பட்டது. முதற்கட்டம் பிற ஷாம்பு வாங்குவோரைச் சிக் பக்கம் இழுத்தது. இரண்டாவது கட்டம் அவர்களை மீண்டும் வாங்கச் செய்தது. திரும்பி வந்த ஒவ்வொரு காலி உறையும் பயன்படுத்தி முடிக்கப்பட்ட ஒரு விற்பனையைக் காட்டியதால், இச்சலுகை ஓர் அளவுகோலாகவும் அமைந்தது எனலாம்.

செலவும் வரவும்

விளம்பரம் பயன் தந்ததா என்பதை விற்பனைத் தொகையைக் கொண்டு முடிவு செய்வது பரவலான பிழை. விளம்பரச் செலவை ஈடுகட்டுவது விற்பனை அன்று. அவ்விற்பனையில் கிடைக்கும் மொத்த இலாபமே. விளம்பரச் செலவை மொத்த இலாப விகிதத்தால் வகுத்தால், அச்செலவை மீட்கத் தேவையான கூடுதல் விற்பனை கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, 100 ரூபாய் விற்பனையில் 20 ரூபாய் மொத்த இலாபம் காணும் கடை ஒன்று, 4,000 ரூபாய் செலவில் 5,000 துண்டறிக்கைகளை அச்சிட்டு விநியோகிப்பதாகக் கொள்வோம்.

* செலவை மீட்கத் தேவையான கூடுதல் விற்பனை: 20,000 ரூபாய்.
* ஒருவர் 400 ரூபாய்க்கு வாங்கினால் தேவையான புதிய வாடிக்கையாளர்: 50 பேர். அதாவது நூறு துண்டறிக்கைக்கு ஒருவர்.
* துண்டறிக்கையில் 10 விழுக்காடு தள்ளுபடியும் அறிவித்தால், 400 ரூபாய்ச் சரக்கில் கிடைக்கும் இலாபம் 80 ரூபாயிலிருந்து 40 ரூபாயாகக் குறையும். அப்போது தேவைப்படுவோர் 100 பேர்.

தள்ளுபடி பத்தில் ஒரு பங்கு மட்டுமே எனினும் இலாபம் பாதியாகக் குறைவதை இக்கணக்கு காட்டுகின்றது. மேலும், வழக்கமாக வரும் வாடிக்கையாளரும் அச்சீட்டைக் காட்டித் தள்ளுபடி பெறுவர். முழு விலைக்கே வாங்கியிருக்கக்கூடிய அவர்களைக் கூடுதல் விற்பனையில் சேர்க்கக் கூடாது.

மறுபுறம், முதல் விற்பனையிலேயே செலவு முழுவதும் மீள வேண்டும் என்பதும் இல்லை. மேற்கண்ட கடைக்குத் தள்ளுபடியின்றி 25 பேர் மட்டுமே புதிதாக வந்தாலும் 2,000 ரூபாய் மீளும். அவர்களில் 10 பேர் மாதந்தோறும் 400 ரூபாய்க்கு வாங்கும் வாடிக்கையாளராக நிலைத்தால் மாதம் 800 ரூபாய் இலாபம் வரும். எஞ்சிய 2,000 ரூபாய் மூன்று மாதங்களுக்குள் மீண்டுவிடும். எனவே மளிகைக் கடை, மருந்துக் கடை, சலவையகம் போன்ற, வாடிக்கையாளர் மீண்டும் மீண்டும் வரும் தொழில்களில் முதல் வரவைப் போலவே மறுவரவும் எண்ணப்பட வேண்டும்.

நல்ல விளம்பரத்தின் கூறுகள்

இலக்கு: விளம்பரம் யாருக்கு என்பது முதலில் முடிவு செய்யப்பட வேண்டும். பள்ளிச் சீருடை தைப்பவர் ஊர் முழுதும் துண்டறிக்கை வழங்குவதை விட, பள்ளி திறப்பதற்குச் சில வாரங்கள் முன்னர்ப் பள்ளி வாயிலில் பெற்றோரிடம் வழங்குவது சிக்கனமானது.

தலைப்பு: படிப்பவர் முதலில் பார்ப்பதும், பலர் அத்தோடு நின்றுவிடுவதும் தலைப்பில்தான். கடையின் பெயரையே தலைப்பாக இடுவதை விட, வாங்குபவருக்குக் கிடைக்கும் பயனைத் தலைப்பாக இடுவது சிறந்தது. 'மிதிவண்டி பழுதுபார்ப்பு: காலையில் விட்டால் மாலையில் பெறலாம்' என்பது அத்தகையது.

குறிப்பான செய்தி: 'தரமானது', 'மலிவானது' போன்ற பொதுச் சொற்கள் எல்லாக் கடைக்கும் பொருந்துவதால் எந்தக் கடையையும் அடையாளம் காட்டுவதில்லை. சிலிட்ஸ் என்னும் அமெரிக்க மதுபான நிறுவனத்துக்கு விளம்பரம் எழுதிய ஹாப்கின்ஸ், 'தூய்மையானது' என்று மட்டும் சொல்லாமல், ஆலையில் காற்று வடிகட்டப்படுவதையும் பாட்டில்கள் பலமுறை கழுவப்படுவதையும் விவரித்தார். பிற ஆலைகளும் அவ்வாறே செய்துவந்தன. எனினும் மக்களுக்கு முதலில் எடுத்துச் சொன்னவருக்கே அதன் பயன் கிடைத்தது. செக்கில் எண்ணெய் ஆட்டுபவர் எள் வாங்கும் ஊரையும் ஆட்டும் நாளையும் குறிப்பிடுவது இவ்வகையைச் சேர்ந்தது.

செயலழைப்பு: படித்தவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருக்க வேண்டும். தொலைபேசி எண், கடை திறந்திருக்கும் நேரம், அருகிலுள்ள கோயில், பேருந்து நிறுத்தம் போன்ற அடையாளம் ஆகியவை விடுபடலாகாது.

பயனை அளவிடும் முறைகள்

* கேட்டு எழுதுதல்: புதிதாக வருபவரிடம் எவ்வாறு கடையை அறிந்தார் என்று கேட்டு ஒரு குறிப்பேட்டில் கோடிடுதல். மிக மலிவானது; ஆனால் விடையளிப்பவர் நினைவு தவறலாம்.
* குறியிட்ட சீட்டு: வெவ்வேறு தெருக்களில் வழங்கும் துண்டறிக்கைகளில் வெவ்வேறு எழுத்தோ நிறமோ இட்டு, திரும்பி வரும் சீட்டுகளை எண்ணுதல்.
* தனித் தொலைபேசி எண்: ஒவ்வோர் ஊடகத்துக்கும் ஒரு தனி எண் கொடுத்து அழைப்புகளை எண்ணுதல்.
* ஒப்பீடு: ஒரு பகுதியில் மட்டும் விளம்பரம் செய்து, விளம்பரம் செய்யாத பகுதியின் விற்பனையோடு ஒப்பிடுதல். திருவிழா, சம்பள நாள், மழை ஆகியவற்றால் விற்பனை தானே ஏறி இறங்குவதைப் பிரித்தறிய இது உதவும்.

ஒப்பிடும்போது ஒரு நேரத்தில் ஒரு கூற்றை மட்டுமே மாற்ற வேண்டும். தலைப்பு, விலை, வழங்கும் இடம் ஆகிய மூன்றையும் ஒருங்கே மாற்றினால், வேறுபாட்டுக்குக் காரணம் எது என்பது தெரியாது. எண்ணிக்கை மிகச் சிறிதாக இருக்கும்போது முடிவு செய்வதும் தவறு. ஒரு தெருவில் மூவரும் மறு தெருவில் ஐவரும் வந்தனர் என்பது தற்செயலாகவே நிகழக்கூடியது.

இணைய விளம்பரம்

2000 ஆம் ஆண்டில் தொடங்கி, 2018 இல் கூகுள் ஆட்ஸ் எனப் பெயர் மாற்றப்பட்ட விளம்பரச் சேவை, தேடுபவரின் சொல்லுக்கு ஏற்ப விளம்பரத்தைக் காட்டுகின்றது. பெரும்பாலும் சொடுக்கிய எண்ணிக்கைக்கே கட்டணம் பெறப்படுவதால், அஞ்சல்வழி வணிகத்தின் பழைய எண்ணும் முறை சிறு வணிகருக்கும் எளிதாயிற்று. விளம்பரத்தைக் குறிப்பிட்ட ஊருக்கு மட்டும் வரையறுக்கவும் இயலும். 2018 இல் வெளியான வாட்ஸ்அப் பிசினஸ் செயலி, பொருட்பட்டியலை வாடிக்கையாளருக்குக் காட்டச் சிறு வணிகருக்கு வழிசெய்கின்றது.

எனினும் விருப்பக் குறிகளும் பார்வை எண்ணிக்கையும் விற்பனை ஆகா. ஊருக்கு வெளியே உள்ள ஆயிரம் பேர் பார்ப்பதை விடப் பக்கத்துத் தெருவிலிருந்து பத்துப் பேர் கடைக்கு வருவது மேல். கேட்காதவர்களுக்குத் தொடர்ந்து செய்தி அனுப்புவது வெறுப்பையே வளர்க்கும்.

சட்ட வரம்புகள்

இந்தியாவில் 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 இலட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 இலட்சம் ரூபாய் வரையும் தண்டம் விதிக்க இடமளிக்கின்றது. போதிய சரக்கு இன்றி மலிவு விலையை அறிவித்து மக்களைக் கடைக்கு இழுக்கும் தூண்டில் விளம்பரத்தை 2022 ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிகள் கட்டுப்படுத்துகின்றன. நீரிழிவு, புற்றுநோய் உள்ளிட்ட நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்தை விளம்பரம் செய்வதை 1954 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்கின்றது.

பொது இடங்களில் பதாகை வைக்க அனுமதி தேவை. 2019 செப்டம்பரில் சென்னையில் அனுமதியின்றிச் சாலையில் வைக்கப்பட்டிருந்த பதாகை விழுந்து இளம்பெண் ஒருவர் இறந்தார். அதன் பின்னர் இவ்வகைப் பதாகைகளுக்கு எதிரான நீதிமன்றக் கண்டனமும் மக்கள் எதிர்ப்பும் வலுத்தன.

வரம்புகள்

விளம்பரத்தின் எல்லாப் பயனையும் எண்ண இயலாது. இன்று பெயர்ப்பலகையைப் பார்ப்பவர் ஆறு மாதம் கழித்து வரலாம்; மனநிறைவு அடைந்த ஒருவர் தன் உறவினருக்குச் சொல்லலாம். எண்ணக் கூடியதை மட்டுமே மதிப்பவர் இவற்றைக் கைவிட நேரிடும் என்பது எண்ணும் முறையின் மீதுள்ள முதன்மையான விமர்சனம் ஆகும்.

விளம்பரம் பொருளின் குறையை மறைக்காது என்பதும் குறிப்பிடத்தக்கது. ஒரு வாடிக்கையாளரை முதன்முறை கடைக்கு வரவழைப்பதோடு அதன் வேலை முடிகின்றது. அவர் மீண்டும் வருவது எடை, தரம், விலை, கடைக்காரரின் பேச்சு ஆகியவற்றைப் பொறுத்தது. இவை சரியில்லாத கடைக்கு விளம்பரம் கூட்டத்தைக் கொண்டுவந்தால், அக்குறைகளை அதிகமானோர் விரைவில் அறிவதே விளைவாக அமையும்.